பெர்சனாலிட்டி டெஸ்ட் எல்லோரையும் ஒரே மாதிரி அளக்கிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கணக்கு அக்கா:
எங்கள் உளவியல் துறையில் ஒரு ஆளுமைக் கேள்விப்பட்டியலைத் தமிழில் கொண்டுவந்தார்கள், புள்ளியியல் வேலை என் தலையில் விழுந்தது. மனக்கலக்கத்தை அளக்கும் பகுதியில் பெண்களுக்குச் சராசரி கூடுதல். "எல்லா ஊர்லயும் அப்படித்தாம்மா வரும், எழுதிடு" என்றார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பகுதியில் ஏறக்குறைய ஒரே மொத்த மதிப்பெண் வாங்கிய ஆண்களையும் பெண்களையும் சேர்த்துவைத்துக்கொண்டு, கேள்வி கேள்வியாகப் பதிலை ஒப்பிட்டேன். கவலை, படபடப்பு, எரிச்சல் எல்லாவற்றிலும் இரண்டு தரப்பும் ஒட்டியே வந்தது. "எனக்குச் சட்டென்று அழுகை வரும்" என்ற இடத்தில்தான் பிரிந்தார்கள்; அதே அளவு கலங்குகிற ஆண் அங்கே "இல்லவே இல்லை" என்று டிக் போட்டுவிட்டுப் போகிறான். வெளிநாட்டுக் கேள்வித்தாள்களிலும் பேர் கெட்ட கேள்விதான் இது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் இடைவெளி குறைந்தது, ஆனால் போகவில்லை. ஆக, வித்தியாசத்தில் கொஞ்சம் நிஜம், கொஞ்சம் அந்தக் கேள்வியின் கைவேலை.

ஊர்சுற்றி:
நான் வீடு வீடாகப் போய்க் கேட்கிற ஆள். "கலகலப்பாகப் பேசுவீர்களா?" "ஆமா." நாலு கேள்வி தள்ளி, "பேசாமல் ஒதுங்கி இருப்பீர்களா?" "ஆமா கண்ணு, அதையும் எழுதிக்க." மோர் கொடுத்து உட்காரவைத்த பாட்டிக்கு, வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 2019இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு 23 நாடுகளின் தரவை அலசியது; நேரில் கேட்டு வாங்கின பதில்களில் 'பிக் ஃபைவ்' (ஆளுமையைப் பிரித்துப் பார்க்கிற ஐந்து பெரிய பண்புகள்) ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன, அதே நாடுகளில் இணையத்தில் தாங்களாகவே வந்து நிரப்பியவர்களிடம் ஒழுங்காக வந்தன. பொலிவியாவின் சிமானே மக்களிடம் செய்து 2013இல் வெளியான ஆய்விலும் அந்த ஐந்து தேறவில்லை. பிறரோடு இணங்கிப் போவது, உழைப்பு என்று இரண்டுதான் தெளிவாகத் தெரிந்தது.

ஹெச்ஆர் தம்பி:
அக்கா, எங்கள் கம்பெனியில் ஆளெடுக்க இந்த மாதிரி டெஸ்ட்தான்; ஆபீஸ் ஆளுக்கும் ஷிஃப்ட் ஆளுக்கும் ஒரே கட்-ஆஃப் மதிப்பெண். டெஸ்ட்டை விற்றவர் ஆல்பா (டெஸ்ட்டின் நம்பகத்தன்மைக்குச் சொல்கிற எண்) நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் காட்டினார். அது போதாதா?

கணக்கு அக்கா:
போதாது தம்பி. கேள்விகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதைத் தாண்டி ஆல்பா எதுவும் சொல்லாது. இரு தரப்பிலும் அதே கேள்விகள் அதே பண்பின் கீழ் சேர்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பண்போடு அதே பலத்தில் ஒட்டுகிறதா, கடைசியாகப் பண்பு சமமாக இருக்கிறவர்கள் அந்தக் கேள்விக்குச் சமமாகப் பதில் தருகிறார்களா. பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் மாட்டும். அது தேறாமல் ஒரே கட்-ஆஃப் போடுவது அநியாயம். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சிஎஃப்ஐ (நாம் போட்ட கணக்கு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் சரிந்தால் சந்தேகப்படு. விற்றவரிடம் குழுவாரியான இந்த முடிவுகளைக் கேள். தரவில்லையா, அந்த மதிப்பெண்ணை வைத்து ஷிஃப்ட் ஆள் யாரையும் கழித்துக்கட்டாதே.