நீர் ராக்கெட்டில் கடல்நீரை நிரப்பினால் உயரம் கூடுமா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவி, மண்டபம்

இயற்பியல் செயல்திட்டத்துக்காக நானும் என் தோழியும் 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் நீர் ராக்கெட் செய்ய இருக்கிறோம். கழுத்தில் ரப்பர் தக்கையை இறுக்கி, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியை அதில் செருகி, சைக்கிள் பம்பால் காற்றேற்றுவது என்பது வரை முடிவாகிவிட்டது. கடல்நீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் அதை நிரப்பினால் இன்னும் உயரம் போகுமா? பட்டாசு மருந்தை வைத்துப் பார்க்கலாம் என்று உடன் படிக்கும் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

பதில்: இயற்பியல் ஆசிரியர், இராமநாதபுரம்

பட்டாசு மருந்தை இன்றே மறந்துவிடுங்கள், அம்மா. அது கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியது. அதில் நீங்கள் அளந்து அறியக்கூடியதும் ஏதுமில்லை.

கடல்நீர் பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிராம். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று வளிமண்டலத்தைவிட 3 மடங்கு கூடுதல் அழுத்தத்தில் இருந்தால், நன்னீர் நொடிக்குச் சுமார் 24 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். கடல்நீரின் வேகம் அதைவிட ஒரு விழுக்காடு அளவே குறையும். ஆனால் உந்துவிசை என்பது கூடுதல் அழுத்தத்தையும் கழுத்தின் பரப்பையும் பெருக்கி, அதை இரட்டிப்பதற்குச் சமம் என்பதால், அதில் நீரின் அடர்த்திக்கு இடமே இல்லை. ஆகவே உங்கள் கருவிகளால் அளக்கத்தக்க வேறுபாடு எதுவும் வராது; உப்பு ஊசியைத் துருப்பிடிக்கச் செய்வதுதான் மிச்சம்.

உண்மையில் மாற்றிப் பார்க்க வேண்டியது நீரின் அளவு. ஆற்றல் முழுவதும் அழுத்தப்பட்ட காற்றில்தான் சேமிக்கப்படுகிறது. நீர் மிகுந்தால் காற்றுக்கு இடம் குறைகிறது, நீர் குறைந்தால் உந்துதல் நொடிப்பொழுதில் தீர்ந்துவிடுகிறது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் என்பதைத் தொடக்கமாகக் கொண்டு, அதற்கு மேலும் கீழுமாக மாற்றி வரைபடம் வரையுங்கள். தக்கை ஒவ்வொரு முறையும் வேறு அழுத்தத்தில் பிடுங்கிக்கொள்ளும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். எனவே அழுத்தமானி உள்ள பம்பைப் பயன்படுத்தி, தக்கையில் கோடு போட்டு ஒரே ஆழத்துக்குச் செருகி, ஒவ்வோர் அளவுக்கும் பல முறை ஏவிச் சராசரி எடுங்கள்.

45 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்துக்கு) மேல் ஏற்ற வேண்டாம். சாதாரணத் தண்ணீர் பாட்டிலும் கீறல் விழுந்த பாட்டிலும் கூடாது. சூடான பசை பாட்டிலை இளக்கிவிடும் என்பதால் துடுப்புகளை நாடாவால் ஒட்டுங்கள். பம்புக்கு நீண்ட குழாய் மாட்டித் தள்ளி நில்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், ராக்கெட்டின் மேல் யாரும் குனியக் கூடாது.

பதில்: மீனவர், பாம்பன்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு காற்றையும் கணக்கில் வையுங்கள், மகளே. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கரையில் நின்று ஏவினால் எந்த அளவையும் நம்ப முடியாது. துடுப்பு பெரிதாக இருந்தால் ராக்கெட் காற்று வரும் பக்கமே முகத்தைத் திருப்பும். கடற்காற்று எழுவதற்கு முன், விடிந்த உடனே செய்யுங்கள். கடலை நோக்கி ஏவாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவின் தீவுகள் சில அருகிலேயே இருக்கின்றன, பாட்டிலும் நாடாவும் அங்கே போய்ச் சேரக் கூடாது. ஊருக்குள் ஆளில்லாத திடல் போதும்.

மாணவி:

மிக்க நன்றி, ஐயா. உயரத்தை எப்படி அளப்பது?

ஆசிரியர்:

ஏவும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூற்குண்டு கட்டி, உச்சியை நோக்கும் கோணத்தைக் குறியுங்கள். அதன் டேன்ஜென்ட் மதிப்பை 30ஆல் பெருக்கி, உங்கள் கண்மட்டத்தின் உயரத்தைக் கூட்டினால் விடை. காற்றில் ராக்கெட் சாய்ந்தால் ஒருவரின் கோணம் தவறாகிவிடும் என்பதால், எதிர்ப்பக்கத்தில் அதே தொலைவில் உங்கள் தோழியை நிறுத்தி, இரு கோணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.