கன்னத்தில் கட்டி, பிறகு பள்ளம்: லூபஸ் கொழுப்பு அழற்சி குறித்து ஓர் ஐயம்

கேள்வி (சிறுமியின் தாய்):

வணக்கம். என் ஒன்பது வயது மகளுக்கு இடது கன்னத்திலும் மேற்கையிலும் தோலுக்கு அடியில் கெட்டியான கட்டிகள் தோன்றின. அழுத்தினால் வலிக்கிறது என்பாள். மேல்தோல் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. சீழ்க்கட்டி என்று கருதி முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், பயனில்லை. கட்டி வற்றிய இடத்தில் இப்போது கன்னம் குழிந்து கிடக்கிறது. இது லூபஸ் (நோய் எதிர்ப்பாற்றல் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய்) வகைக் கொழுப்பு அழற்சியாக இருக்கலாம் என்றும், கையிலுள்ள கட்டியில் பயாப்ஸி (திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்றும் இப்போது பார்க்கும் தோல் மருத்துவர் சொல்கிறார். லூபஸுக்கான ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என வந்த பின்னும் இது தேவையா? கன்னத்துப் பள்ளம் தானாக நிரம்புமா?

பதில் (தோல் மருத்துவர்):

அம்மா, தேவை என்பதே என் கருத்து. 1883-இல் கபோசி என்ற தோல் மருத்துவர் விவரித்த இந்நோய் தோல் லூபஸின் அரிய வடிவம். குழந்தைகளிடம் இன்னும் அரிது. தோலோடு நின்றுவிடும் லூபஸில் ஏ.என்.ஏ. நெகட்டிவாக இருப்பது வியப்பன்று. ஆகவே அந்த ஒரு முடிவை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதைவிட முக்கியமானது, கொழுப்புத் திசுவில் தோன்றும் ஒருவகை டி-செல் லிம்போமா (வெள்ளை அணுக்களில் எழும் புற்றுநோய்) வெளிப்பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் என்பது. இரண்டையும் பிரித்தறிய, கொழுப்பு வரை எட்டும் ஆழமான பயாப்ஸியே வழி; மேலோட்டமாக எடுத்த சிறு துண்டில் தோல் மட்டுமே கிடைத்து, அறிக்கை ஒன்றுமில்லை என்று வந்து குழப்பும். முகத்தை விட்டுக் கையைத் தேர்ந்தெடுத்த உங்கள் மருத்துவரின் முடிவு சரியானது.

அழற்சியில் அழிந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை. சிகிச்சையின் நோக்கம் புதிய பள்ளங்கள் விழாமல் தடுப்பதே. தாமதிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். வழக்கமாக முதலில் தொடங்குவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. அதன் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை சிலருக்குக் குறுகிய காலம் ஸ்டீராய்டு தருவதுண்டு. சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள், சி3, சி4 எனும் ரத்தப் புரதங்கள் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு உடல் முழுவதையும் பாதிக்கும் லூபஸ் உடனிருக்கலாம், பின்னாளிலும் வரலாம்.

பதில் (இதே நோயுள்ள சிறுவனின் தந்தை):

சகோதரி, நடைமுறையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். அந்த மாத்திரை கடுங்கசப்பு, உணவோடு கொடுங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்பவே அளவு இருக்க வேண்டும் என்பதால், மகன் எடை கூடும்போதெல்லாம் மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்க்கிறோம். தொடக்கத்தில் விழித்திரைப் பரிசோதனையும் செய்தார்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மாத்திரைப் புட்டியைப் பூட்டியே வையுங்கள்; தவறி ஓரிரு மாத்திரைகளை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மாதந்தோறும் படம் எடுத்து வைப்பது மிகவும் உதவியது. தினமும் பார்க்கும் நம் கண்ணுக்கு மாற்றம் பிடிபடுவதில்லை. சன்ஸ்கிரீன், முழுக்கைச் சட்டை இரண்டும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. பயாப்ஸிக்குச் சம்மதித்துவிட்டோம். பள்ளத்தை ஊசி மூலம் நிரப்பலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், இப்போதே செய்யலாமா?

பதில் (தோல் மருத்துவர்):

இப்போது வேண்டாம். அடிபடுவதும் அறுவைச் சிகிச்சையும் சிலருக்கு இந்நோயைத் தூண்டிவிடக்கூடும். நோய் நெடுங்காலம் அடங்கியிருக்கிறது என்று உறுதியான பிறகே கொழுப்பு நிரப்புவதைப் பற்றி யோசிக்கலாம். வளரும் முகம் என்பதால் பொறுத்திருப்பதில் இழப்பும் இல்லை. கட்டிக்குள் நேரடியாக ஸ்டீராய்டு ஊசி போடுவதாக யாரேனும் சொன்னாலும், அந்த ஊசியே கொழுப்பைக் கரைத்துப் பள்ளத்தை ஆழமாக்கலாம் என்பதை நினைவில் வைத்து, முகத்தில் போடும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். விடாத காய்ச்சல், மூட்டு வீக்கம், வாய்ப்புண், நுரைத்த சிறுநீர் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.