கேங்லியானுக்கு ‘நரம்பு முடிச்சு’ பொருந்துமா?

வணக்கம்.

மணிக்கட்டில் எழும் கேங்லியான் புடைப்பை ‘நரம்பு முடிச்சு’ என்று எழுதுகிறார்கள். அது நரம்பணுக்கள் திரண்டிருக்கும் இடத்துக்கான சொல். இந்தப் புடைப்போ நரம்பிலிருந்து வருவதில்லை. உள்ளே இருப்பது ஹயலூரோனிக் அமிலம் மிகுந்த வழவழப்பான கூழ். ஸ்கேன் அறிக்கையில் இதைப் படிப்பவர் நரம்பில் கட்டி என்று அஞ்சிவிடுவார். நரம்புறையில் உண்மையாகவே வளரும் ஷ்வானோமா என்ற கட்டியோடும் குழப்பம் வரும். ‘மூட்டுக் கூழ்ப்பை’ எனலாமா?

மறுமொழி 1:

‘கூழ்ப்பை’ மிகப் பொருத்தம். ‘மூட்டு’ மட்டும் வேண்டாம். புறங்கைப் பக்கம் மணிக்கட்டில் வருவது பெரும்பாலும் ஸ்கேஃபாய்டு, லூனேட் எலும்புகளைப் பிணைக்கும் நாரருகே கிளம்புகிறது. விரலடியில் உள்ளங்கைப் பக்கம் பட்டாணி அளவில் கெட்டியாகத் தட்டுப்படுவது தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறையிலிருந்து வருவது. அங்கே ‘மூட்டு’ பிழையாகிவிடும். தோன்றும் இடத்தை முன்னால் சேர்த்து ‘தசைநாண் உறைக் கூழ்ப்பை’ என்று எழுதலாம்.

‘கட்டி’ என்று பொதுவாக எழுதுவதையும் விட வேண்டும். அதே உறையில் ராட்சத அணுக் கட்டியும் வரும், அது திண்மமானது. டார்ச் ஒளி கூழ்ப்பையை ஊடுருவும், அதை ஊடுருவாது. அல்ட்ராசவுண்டில் கூழ்ப்பை கருமையாகவும் அதன் பின்புறம் வெளுத்தும் தெரியும்; ராட்சத அணுக் கட்டி சாம்பல் நிறமாக, டாப்ளரில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறை) பெரும்பாலும் இரத்த ஓட்டத்தோடு தெரியும். கெயின் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) குறைவாக இருந்தால் திண்மக் கட்டியும் கருத்துத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே கெயினை ஏற்றி, டாப்ளரை மெதுவான ஓட்டத்துக்கு அமைத்து, ஜெல்லைத் தடிமனாக வைத்து, அழுத்தாமல் பார்க்க வேண்டும். அழுத்தினால் நுண்குழாய்கள் மூடி ஓட்டமே மறைந்துவிடும். எம்ஆர்ஐயில் டி2 (நீர்மம் வெளுப்பாகத் தெரியும் பட வகை) வெளுப்பை மட்டும் நம்பக்கூடாது, மிக்ஸாய்டு (கூழ் போன்ற திசு நிறைந்த) கட்டிகளும் அப்படியே வெளுக்கும். படத்தில் ஒளிரும் மருந்து (கான்ட்ராஸ்ட்) செலுத்திய பின் ஓரம் மட்டும் மெல்லியதாக ஒளிர்ந்தால் கூழ்ப்பை. உள்ளேயும் ஒளிர்ந்தால் திண்மம்.

மறுமொழி 2:

ஏற்கிறேன். பின்புற வெளுப்புக்குப் ‘பின்னொளிர்வு’ என்ற சொல்லையும் சேர்ப்போம். இன்னொன்று: மூட்டோடு கூழ்ப்பையை இணைக்கும் மெல்லிய பகுதிக்குக் ‘காம்பு’. அறுவையில் இது மிஞ்சினால் கூழ்ப்பை திரும்ப வரக்கூடும். எனவே காம்பு எந்த மூட்டை நோக்கிப் போகிறது என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கமாக இருந்தால், ரேடியல் தமனி (கட்டைவிரல் பக்கத்து இரத்தக்குழாய்) எவ்வளவு நெருக்கத்தில் ஓடுகிறது என்பதும் வேண்டும். அது தெரியாமல் ஊசி போடக் கூடாது.