கடைப் பெயர் போட்டுக் கொடுத்த இலவசப் பொருள்கள்: எல்லையோர வியாபாரிகளின் அனுபவங்கள்

செங்கோட்டை, மளிகைக் கடை:
எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துக்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எல்லைக்கோடு மாறியது, சந்தைக்கு வரும் வழக்கம் மாறவில்லை.

வருடப் பிறப்புக்கு எல்லோருக்கும் சிவகாசித் தினசரிக் காலண்டர்தான் கொடுத்து வந்தோம். ஒரு தென்மலை அம்மா, "அண்ணாச்சி, இதை எங்கள் வீட்டில் யார் படிப்பது?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எழுத்து மட்டும் சிக்கல் இல்லை. தமிழ் மாதப் பிறப்பும் மலையாள மாதப் பிறப்பும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின்னாக வரும். அங்கே பிறந்தநாளை மலையாள மாதமும் நட்சத்திரமும் பார்த்துக் கொண்டாடுவார்கள். அதனால் மலை தாண்டி வருகிறவர்களுக்கு மட்டும் மலையாள மாதக் காலண்டர் அச்சடிக்கிறோம். பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி எல்லாம் அந்தக் கட்டங்களில்தான் எழுதுகிறார்கள். எங்கள் தொலைபேசி எண் அதற்குக் கீழேயே இருக்கிறது. இப்போது பட்டியலைப் போனிலேயே சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏற்றி அனுப்பச் சொல்கிறார்கள்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களுக்குப் பை கொடுப்பதும் உண்டு. அவர்கள் எங்கிருந்தோ வருகிறவர்கள். அரிசி வாங்கத் திரும்பி வரப்போவதில்லை. அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிவிட வேண்டியதுதான். ஆனால் பை துணிப் பையாக இருக்கட்டும். பார்வைக்குத் துணி போலவே இருக்கும், ஆனால் நெய்யாத பிளாஸ்டிக் இழையால் ஆன நான்-ஓவன் பையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்கும் தடை. கடைப் பெயரை நாமே அச்சடித்துக் கொடுத்தால், அபராதம் போட வருகிறவருக்கு முகவரி தேடும் வேலை மிச்சம்.

கொழிஞ்சாம்பாறை, மோட்டார் பம்ப் கடை:
விவசாயிகளுக்குச் சாவிக்கொத்து, பேனா கொடுத்துப் பார்த்தோம். பேனா பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்குப் போய்விடுகிறது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். இங்கே எந்த மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்வது தோப்புக்காரர் அல்ல. கிணற்றடிக்கு வரும் மெக்கானிக். அதனால் மெக்கானிக்குகளுக்குக் கடைப் பெயர் போட்ட டெஸ்டர் கொடுத்தோம். கரண்டு இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தோப்பிலும் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் தோப்புக்காரர் பார்க்காமல் எங்கே போவார்? புது மோட்டார் கேட்டு வருகிறவர்களில் பலர், "மெக்கானிக் சொன்னார்" என்றுதான் வருகிறார்கள்.

குடையும் கொடுக்கிறோம். பாலக்காட்டின் மற்றப் பகுதிகளை விட எங்கள் பக்கம் மழை குறைவு. வெயிலுக்குத்தான் விரிக்கிறார்கள்.

திருத்தணி, ஜவுளிக் கடை:
ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திராவின் நகரி, புத்தூர், சித்தூரிலிருந்து காவடியோடு கூட்டம் வரும். அட்டை விசிறிக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் அதில் முருகன் படம் போட்டார். யாரும் அதைக் கொண்டு விசிறிக்கொள்ளவில்லை, பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்கள். கீழே விழுந்த ஒன்றிரண்டு மிதிபட, பெரியவர்கள் கடைக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

நாங்கள் சாமி படம் போடுவதில்லை. ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தெலுங்கு, இரண்டிலும் ரயில் நிலையத்திலிருந்து கடைக்கு வழி. 365 படி ஏறி இறங்கியவர்கள் நிழலுக்கு ஒதுங்கும் நேரத்தில் கொடுக்கிறோம். ஏறும்போது கொடுத்தால் விசிறி மலையிலேயே தங்கிவிடும்.

பாலக்காடு, கணக்கு எழுதுபவன்:
இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக வரவு வைக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5)(எச்) அதைத் தடுக்கிறது. பை, குடை விலை பேசும்போது வரியையும் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது என்னிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

செங்கோட்டை, மளிகைக் கடை:
கொழிஞ்சாம்பாறை அண்ணாச்சி, டெஸ்டரில் போட்ட பெயர் நிற்கிறதா?

கொழிஞ்சாம்பாறை, மோட்டார் பம்ப் கடை:
பிடியின் மேல் அச்சடித்தால் கிரீஸ் பட்டு அழிந்துவிடும். உள்ளே பெயர்ச் சீட்டு வைத்து மூடிய, ஒளி ஊடுருவும் பிடி உள்ளதாகக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல். கோவையில் மொத்தமாகச் செய்து தருகிறார்கள்.