மூன்று வயது மகளை பைக்கில் கூட்டிப்போக யோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் வீடு திருவொற்றியூரில், மனைவிக்கு வேலை ராயபுரத்தில். வழியில் காசிமேட்டில் என் அத்தை வீட்டில் மகளை விடவேண்டும். இதுவரை ஷேர் ஆட்டோ, அடுத்த வாரம் முதல் மூவரும் என் பைக்கில்.

பயமே எண்ணூர் விரைவுச்சாலைதான். நேற்று தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு கண்டெய்னர் டிரெய்லருக்கு இடது பக்கம் மாட்டிக்கொண்டேன். அதன் கண்ணாடியில் டிரைவர் முகமே தெரியவில்லை. அப்படியென்றால் அவருக்கும் நான் தெரிந்திருக்க மாட்டேன். ஒதுங்கினால் ஓரமெல்லாம் மணல். முன் பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் வழுக்கியது. தனி ஆள் என்பதால் காலூன்றிச் சமாளித்தேன்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்பது 2023 பிப்ரவரி முதல் விதி. அத்தையோ, "டேங்க் மேல உட்கார வை, நீ அப்படித்தானே வளர்ந்தே" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. சடன் பிரேக் போட்டால் பிள்ளை முகம் நேராக ஹேண்டில்பாரில்தான்.

இந்தப் பட்டை தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் எங்கே கிடைக்கும்? சிறு தலைக்குப் பொருந்தும் ஐஎஸ்ஐ ஹெல்மெட்? ரோட்டோரத்தில் பார்த்தது பொம்மை மாதிரி இருந்தது. அப்புறம், காலை எட்டு மணிக்கு டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) பரவாயில்லையா? நெரிசல் இருந்தாலும் சரி, டிரெய்லர் குறைவாக இருந்தால் போதும். தினமும் பிள்ளையோடு போகிறவர்கள் சொல்லுங்கள்.