கூடுதல் ஐபி மூன்றில் ஒன்று மட்டும் வெளியிலிருந்து எடுக்கவில்லை, உதவி தேவை

புதுக்குடித்தனம்:
வணக்கம். வாடகைக்கு எடுத்த டெடிகேட்டட் சர்வர் ஒன்று வைத்திருக்கிறேன், உபுண்டு 22.04. இதுவரை ஒரே ஐபியில் (இணைய முகவரியில்) ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கூடுதலாக மூன்று ஐபி வாங்கினேன். உண்மையான எண்களைப் பொதுவில் போட மனமில்லை, அதனால் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களாக மாற்றி எழுதுகிறேன். பிரதான ஐபி 203.0.113.20, கேட்வே (வெளியே போகும் வாசல்) 203.0.113.1. புதிதாக வந்தவை 198.51.100.66, 67, 68. நெட்வொர்க் கார்டின் பெயர் இனோ1.

முதல் நாள் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். புது ஐபிகளை /24 (256 முகவரி கொண்ட பிளாக்) என்று போட்டு, 198.51.100.1 என்பதை இரண்டாவது கேட்வேயாகவும் சேர்த்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு கேட்வே இருந்துதானே ஆகவேண்டும் என்று நானே ஊகித்துக்கொண்டது. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) அப்ளை கொடுத்ததும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) அப்படியே உறைந்தது. ரெஸ்க்யூ மோடில் (பழுதுபார்க்க உதவும் தற்காலிக சிஸ்டத்தில்) ஏற்றி, டிஸ்க்கை மவுண்ட் செய்து, கோப்பைத் திருத்தி வெளியே வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

அந்தக் கேட்வேயை இப்போது எடுத்தாயிற்று. சர்வருக்குள்ளிருந்து மூன்று ஐபிக்கும் பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் பார்க்கும் சோதனை) போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் 67, 68 பதில் தருகின்றன, 66 மட்டும் இல்லை. மூன்று முறை ரீபூட் செய்துவிட்டேன், ஃபயர்வாலை முழுவதும் நிறுத்தியும் பார்த்துவிட்டேன். எங்கே தவறு?

பழையஈத்0:
இதற்கு எதற்கு நெட்பிளான்? இன்டர்ஃபேசஸ் கோப்பில் இனோ1:0, இனோ1:1 என்று ஏலியாஸ் (அதே கார்டுக்கு மாற்றுப் பெயர்) எழுதுங்கள், நெட்வொர்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடிந்தது. இருபது வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். பிறகு ஐஎஃப்கான்ஃபிக் (கார்டில் உள்ள ஐபிகளைக் காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள், 66 அங்கே தெரிகிறதா?

புதுக்குடித்தனம்:
அடித்துப் பார்த்தேன். 66 தெரியவில்லை. 67, 68கூடத் தெரியவில்லை! ஆனால் அவை இரண்டும் வேலை செய்கின்றனவே? தலை சுற்றுகிறது.

வேர்முனை:
சுற்ற வேண்டாம். ஐஎஃப்கான்ஃபிக் பழைய கருவி. இனோ1:0 மாதிரி லேபிள் இல்லாமல் சேர்த்த கூடுதல் முகவரிகள் அதன் கண்ணில் படாது. "ஐபி அட்ரஸ் ஷோ" கட்டளையைப் பயன்படுத்துங்கள், நான்கும் வரிசையாக வரும்.

பழையஈத்0 சொன்ன வழி ஒரு காலத்தில் சரியானதுதான். ஆனால் 17.10 பதிப்பிலிருந்து உபுண்டுவில் நெட்பிளான்தான் இயல்பு. அதை வைத்துக்கொண்டே பழைய கோப்பிலும் எழுதினால் ஒரே கார்டை இரண்டு பேர் இழுப்பார்கள். தயவுசெய்து கலக்காதீர்கள்.

உள்ளிருந்து பிங் போகிறது என்பதை ஒரு சோதனையாகவே எண்ண வேண்டாம். ஒரு ஐபியைக் கார்டில் சேர்த்ததுமே "இது என்னுடையது" என்று கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) குறித்துக்கொள்ளும். அதே மெஷினிலிருந்து பிங் போட்டால் பாக்கெட் (அனுப்பப்படும் தரவுத் துண்டு) கம்பியைத் தொடுவதே இல்லை, லூப்பேக் வழியாக உள்ளேயே சுற்றிவிட்டு வந்துவிடும்.

இந்த மூன்று ஐபிக்கும் என்ன நெட்மாஸ்க் (பிளாக்கின் அளவைச் சொல்லும் எண்) கொடுத்தார்கள் என்று வந்த மின்னஞ்சலில் பாருங்கள். இப்போதைய கோப்பில் அட்ரஸஸ் (முகவரிகள்) பகுதியிலும் ரூட்ஸ் (பாக்கெட் போகும் வழிகள்) பகுதியிலும் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

புதுக்குடித்தனம்:
மின்னஞ்சலில் நெட்மாஸ்க் 255.255.255.255, அதாவது /32 என்று இருக்கிறது. அச்சுப் பிழை என்று நினைத்துத்தான் முதல் நாள் /24 போட்டேன். இப்போது கோப்பில் பிரதான ஐபிக்கு /26, புது மூன்றுக்கும் /32. ரூட்ஸில் ஒரே ஒரு டீஃபால்ட், 203.0.113.1 வழியாக.

வேர்முனை:
அது பிழையில்லை. /32 என்றால் அந்த ஒற்றை முகவரி மட்டும், பக்கத்து வீடு என்று எதுவும் கிடையாது. 66இலிருந்து கிளம்பும் பதிலும் பிரதான ஐபியின் கேட்வே வழியாகத்தான் வெளியே போகும், அதனால் இரண்டாவது கேட்வேக்கு வேலையே இல்லை. அன்றைக்கு நீங்கள் சேர்த்த 198.51.100.1க்கு அந்தக் கம்பியில் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. பதில் பாக்கெட்டெல்லாம் அங்கே போய் முடிந்திருக்கும், எஸ்எஸ்எச் உறைந்ததற்கு அதுதான் காரணம்.

சில நிறுவனங்களில் தனி பிளாக்குக்குத் தனி கேட்வே உண்டு. அங்கே /29 வாங்கினால் எட்டு முகவரியில் ஐந்துதான் நம் கைக்கு வரும், மற்ற மூன்றும் நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே என்று போய்விடும். அதே /29ஐ நம் பிரதான ஐபிக்கு ரூட் செய்து கொடுத்தால் எட்டையும் பயன்படுத்தலாம். எது எந்த வகை என்பதை அவர்கள் அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது.

இனிமேல் தொலைவில் இருக்கும் சர்வரில் அப்ளை கொடுக்காதீர்கள், "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கோப்பு சரி என்பதால் அடுத்தது கம்பி. சர்வரில் "டிசிபிடம்ப்" (கார்டில் வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, இனோ1இல் ஏஆர்பி (ஒரு ஐபி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது), ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் பாக்கெட்) இரண்டையும் பாருங்கள். வெளியிலிருந்து முதலில் 67க்கு பிங், பிறகு 66க்கு. என்ன வருகிறது?

புதுக்குடித்தனம்:
67க்குப் போட்டதும் ஐசிஎம்பி கேள்வியும் பதிலும் ஜோடி ஜோடியாக ஓடின. 66க்குப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. ஐசிஎம்பி இல்லை, "66 யாரிடம் இருக்கிறது" என்ற ஏஆர்பி கேள்வியும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரவுஷிப்ட்:
இடையில் வருகிறேன். டேட்டா சென்டரில் ராத்திரி வேலை பார்த்தவன், இந்த அமைதியை நன்றாகத் தெரியும்.

பாக்கெட் உங்கள் சர்வருக்கு வந்துசேரவே இல்லை. அப்படியிருக்க ஃபயர்வால், ஆர்பி ஃபில்டர் (கர்னலின் பாக்கெட் வடிகட்டி), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) என்று உள்ளே எதைத் திருகினாலும் பயனில்லை. ஏஆர்பி கேள்வி வராததைக் கவனியுங்கள். ரவுட்டருக்கு 66 யாருடையது என்று தெரியாவிட்டால் எல்லோரையும் கேட்டிருக்கும், நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லை என்றால் ஒன்று, அந்த ஐபி உங்கள் ரவுட்டர் வரை ரூட் ஆகவே இல்லை. இல்லாவிட்டால் 66 எந்த மேக் முகவரியில் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இருக்கிறது என்று ரவுட்டருக்கு ஏற்கெனவே "தெரியும்". அது உங்கள் மேக் இல்லை, அவ்வளவுதான்.

கூடுதல் ஐபிகள் கை மாறி மாறி வருபவை. போன மாதம் வேறு யாரோ வைத்திருந்திருப்பார்கள். ரவுட்டரின் நினைவில் பழைய ஆளின் மேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஐபியூடில்ஸ் தொகுப்பின் "ஆர்பிங்" கருவியை நிறுவி, பெரிய எழுத்து யூ ஆப்ஷனோடு இனோ1 வழியாக 66க்கு மூன்று முறை விடுங்கள். யாரும் கேட்காமலே "66 என்னிடம் இருக்கிறது" என்று நாமே கூவுகிற வேலை அது.

புதுக்குடித்தனம்:
அண்ணா, வந்துவிட்டது!! கூவியதும் பிங் ஓடுகிறது. ரொம்ப நன்றி. தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.

புதுக்குடித்தனம்:
குறித்ததை எடுத்துவிட்டேன். இருபது நிமிடம் ஓடியது, மறுபடியும் நின்றுவிட்டது. மறுபடி கூவினால் மறுபடி வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. கிரான் (குறித்த நேரத்தில் தானாகக் கட்டளை ஓட்டும் கருவி) வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கூவ விடலாமா?

இரவுஷிப்ட்:
கிரான் வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரு கிரான் வைத்தால் இரண்டு பேரும் ராப்பகலாகக் கூவிக்கொண்டிருப்பீர்கள்.

வந்து வந்து போவதுதான் துப்பு. வெறும் பழைய நினைவாக இருந்தால் ஒரு கூவலில் சரியாகியிருக்கும். இது பழைய ஆள் இன்னும் வீட்டைக் காலி செய்யவில்லை என்ற கதை. வேறு ஒரு மெஷினில் 66 இன்னும் உயிரோடு இருக்கிறது. ரவுட்டர் மறுபடி விசாரிக்கும்போது அதுவும் பதில் சொல்கிறது.

இப்போது ஆர்பிங்கைப் பெரிய எழுத்து டி ஆப்ஷனோடு 66க்கு விடுங்கள். "இந்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா" என்று கேட்கும் சோதனை அது. பதில் வந்தால் மேக் முகவரியும் கூடவே வரும். போர்ட்டுகளை ஒன்றோடொன்று பேசவிடாமல் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் இடங்களில் பதில் வராது, அதை மட்டும் வைத்து "இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

புதுக்குடித்தனம்:
பதில் வந்தது. என் கார்டின் மேக் இல்லை, முற்றிலும் வேறு. நான்கு முறை ஓட்டினேன், நான்கு முறையும் அதே மேக்.

வேர்முனை:
அப்படியென்றால் உங்கள் வேலை முடிந்தது. டிக்கெட் போடுங்கள். "66 வேலை செய்யவில்லை" என்று எழுதினால் ரீபூட் செய்தீர்களா என்று கேட்டு இரண்டு நாள் ஓட்டுவார்கள். ஐபி, உங்கள் மேக், பதில் சொன்ன அந்நிய மேக், ஆர்பிங் வெளியீடு, நேரம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். அந்த மேக் எந்த ஸ்விட்ச் போர்ட்டில் இருக்கிறது என்று அவர்களால் சட்டென்று பார்த்துவிட முடியும். அந்த மெஷினின் பக்கம் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

கலப்பை:
குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னுடையதும் வாடகை சர்வர்தான். கூடுதல் ஐபி ஒன்றை உள்ளே ஓடும் விஎம்முக்கு (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷினுக்கு) கொடுத்தேன். பிரிட்ஜ் (விஎம்மை நேராகக் கம்பியோடு இணைக்கும் பாலம்) போட்டிருக்கிறேன், ஐபியை விஎம்முக்குள்ளும் அமைத்துவிட்டேன். சில சமயம் எடுக்கிறது, சில சமயம் இல்லை. ஐபி வந்த அன்றே சோதனைக்காக ஹோஸ்டிலும் (விஎம்மைத் தாங்கும் சர்வரிலும்) போட்டிருந்தேன்.

புதுக்குடித்தனம்:
என் பக்கம் முடிந்தது. நேற்று மாலை டிக்கெட், மூன்று மணி நேரத்தில் பதில். முந்தைய வாடிக்கையாளர் ஐபியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், ஆனால் அவருடைய சர்வரில் அமைப்பு அப்படியே கிடந்திருக்கிறது. போர்ட்டில் தடுத்துவிட்டார்கள். இரவு முழுக்க பிங் விட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட விழவில்லை.

இன்னொன்று மட்டும். வெளியே போகும் மின்னஞ்சல் எல்லாம் பிரதான ஐபியிலிருந்தே போகிறது. 67இலிருந்து போக வேண்டும் என்றால் டீஃபால்ட் ரூட்டை மாற்ற வேண்டுமா?

வேர்முனை:
ரூட்டைத் தொடாதீர்கள், மறுபடி ரெஸ்க்யூ மோட் பார்க்க ஆசையா? கூடுதல் ஐபிக்கு வந்த இணைப்புக்கு அதே ஐபியிலிருந்துதான் பதில் போகும். நாமாகத் தொடங்கும் இணைப்பு பிரதான ஐபியிலிருந்து போகும், அது இயல்பு. மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் எஸ்எம்டிபி பைண்ட் அட்ரஸ் என்ற அமைப்பில் 67ஐக் கொடுங்கள், போதும். ஆனால் அதற்கு முன்பே 67க்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) வைத்து, மெயில் சர்வரின் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிஎஃப் பதிவிலும் (எந்த ஐபிகள் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்) 67ஐச் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஸ்பேமில் போய் விழும்.

நெட்பிளான் கோப்பின் பெயர் 50-கிளவுட்-இனிட் என்று இருந்தால் அதில் எழுதியதைக் கிளவுட்-இனிட் (சர்வர் கிளம்பும்போது அமைப்புகளைத் தானாக எழுதும் கருவி) மறுபடி எழுதிவிட வாய்ப்புண்டு. நெட்வொர்க் பகுதியை அது தொடாதபடி அணைத்துவிட்டு, உங்கள் அமைப்பைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

இரவுஷிப்ட்:
கலப்பை, உங்களுக்கு இரண்டு விஷயம். பிரிட்ஜ் என்றால் விஎம்மின் மேக் நேராக ஸ்விட்சுக்குத் தெரியும். பதிவு செய்யாத மேக் வந்தால் போர்ட்டையே பூட்டிவிடும் நிறுவனங்கள் உண்டு. அந்த ஐபிக்கு விர்ச்சுவல் மேக் (நிறுவனமே பதிவு செய்து தரும் மேக் எண்) கேட்டு வாங்கி விஎம்மில் போடுங்கள், அல்லது பிரிட்ஜை விட்டுவிட்டு ஹோஸ்ட் வழியாக ரூட் செய்யுங்கள். அப்படி ரூட் செய்தால் ஹோஸ்டில் ஐபி ஃபார்வர்டிங் (பிறருக்கான பாக்கெட்டைக் கடத்திவிடும் அமைப்பு) 1 ஆக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஹோஸ்டில் சோதனைக்குப் போட்ட ஐபியை எடுத்தீர்களா?

கலப்பை:
இல்லை... அப்படியே இருக்கிறது.

கலப்பை:
எடுத்துவிட்டேன், இப்போது நிலையாக ஓடுகிறது. இரண்டு வாரமாக நானேதான் எனக்குப் பழைய வாடிக்கையாளர் போல. விர்ச்சுவல் மேக்குக்கு டிக்கெட் போட்டாயிற்று.