வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்த அனுபவம்: திருகோணமலையிலிருந்து சிலர்

நிலாவெளியிலிருந்து:

ஜேர்மனியில் நீர்வள முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்பை முடித்து ஊர் திரும்பி ஒரு வருடமாகிறது. புலமைப்பரிசில் பற்றி என்னிடம் கேட்கும் தம்பி தங்கையர் பெரும்பாலும் ஆங்கிலப் பரீட்சையைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு ஒரு வருடம் தாமதமானது என் பெயராலும் ஓர் இறப்பர் முத்திரையாலும் என்பதால், அவற்றையே முதலில் எழுதுகிறேன்.

என் தந்தையின் பெயர் சிவஞானம். தமிழில் எழுதும்போது எந்தக் குழப்பமும் இல்லாத இந்தப் பெயர், ஆங்கிலத்துக்குப் போனதும் மூன்று பெயராகிவிட்டது. கடவுச்சீட்டில் அது 'வி' எழுத்தோடும், பாடசாலைக் காலத்தில் யாரோ எழுதிவைத்ததைப் பின்பற்றிப் பட்டச் சான்றிதழில் 'டபிள்யூ' எழுத்தோடும் இருந்தது. பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் 'ஞா' என்பதற்கு 'ஜி'யை விட்டுவிட்டு 'என்' எழுத்தை மட்டும் போட்டிருந்தார். இதற்கு மேல், விண்ணப்பப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. தந்தையின் பெயரை முன்னால் வைத்து நம் பெயரைப் பின்னால் எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு படிவத்தில் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரையும், இன்னொன்றில் என் பெயரையும் எழுதியிருந்தேன். விண்ணப்பித்தவரும் பட்டம் பெற்றவரும் ஒருவர்தானா என்று பல்கலைக்கழகம் கேட்டு எழுதியபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. எல்லாப் பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

முத்திரை விடயம் அப்படித் தீரவில்லை. நான் விண்ணப்பித்தது ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி, வளரும் நாடுகளின் தொழில் அனுபவமுள்ள பட்டதாரிகளுக்கு வழங்கும் புலமைப்பரிசிலுக்கு. பட்டம் பெற்றபின் குறைந்தது இரண்டு வருடத் தொழில் அனுபவம் வேண்டும். பட்டம் பெற்று ஆறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து பெறும் பரிந்துரைக் கடிதம் நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், அண்மைய திகதியோடும் கையொப்பத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த கடிதத்தில் முத்திரை மட்டும் இல்லை. கையொப்பம் இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்து அனுப்பினேன். ஆவணங்கள் முழுமையாக இல்லை என்று பதில் வந்தது. அப்போது என் பட்டத்துக்கு ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை தவறினால் ஆறு வருட எல்லையைத் தாண்டிவிடுவேன் என்ற பயத்தில் பல இரவுகள் நான் தூங்கவில்லை.

அடுத்த வருடம் அதே அலுவலகத்தில், பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். மை காய்ந்துபோயிருந்ததால் முதல் அடியில் வட்டத்தின் பாதிதான் விழுந்தது. அவர் பொறுமையாக மை விட்டு, ஒரு பழைய தாளில் மூன்று தடவை அடித்துப் பார்த்து, எழுத்துக்கள் எல்லாம் தெரிகின்றன என்று உறுதிசெய்த பிறகே என் கடிதத்தில் அடித்தார். அந்த மனிதருக்கு நான் என்றும் நன்றியுடையவள். முதல் வருடமே அவரிடம் நிபந்தனையைக் காட்டியிருந்தால் அப்போதே செய்து தந்திருப்பார். காட்டாதது என் பிழை.

ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஐ.ஈ.எல்.டி.எஸ் எழுதினேன். அதன் பெறுபேறு இரண்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும் என்பதால் இரண்டாம் முறையும் அதையே பயன்படுத்த முடிந்தது, கட்டணமும் மிஞ்சியது.

நோக்கக் கடிதத்துக்குத்தான் நான் அதிக காலம் செலவிட்டேன். மூன்று கற்கைநெறிகள் வரை விண்ணப்பிக்கலாம்; ஆனால் எதை முதலில் விரும்புகிறோம், ஏன் விரும்புகிறோம் என்பதை ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். நான் குச்சவெளிப் பக்கம் கிராமத்துக் கிணறுகளின் உவர்த்தன்மையை அளக்கும் வேலையில் இருந்தேன். நமது கரையோர மணலில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது; அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்ய முயன்ற பல இடங்களில் இதுவே நடந்தது. ஒரு கிணற்றடியில் ஆச்சி ஒருவர், "மோட்டர் போட்ட பிறகுதான் பிள்ளை தண்ணி கரிக்கத் தொடங்கினது" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதிலிருந்தே கடிதத்தைத் தொடங்கினேன். எந்தெந்தக் கிணற்றில் எந்த மாதம் என்ன அளவு கிடைத்தது, அந்த அளவுகளை வைத்துக்கொண்டு எதை என்னால் கணிக்க முடியவில்லை, அதைக் கற்றுத்தரும் பாடம் எந்தக் கற்கைநெறியில் இருக்கிறது என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனபோது, மூன்று கற்கைநெறிகளின் ஒழுங்கும் தானாகவே அமைந்தது. முதல் வருடக் கடிதத்தில் நான் நாட்டின் அபிவிருத்தி பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் ஒரு கிணறுகூட இருக்கவில்லை.

மூதூரிலிருந்து:

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வு வரை சென்று தெரிவாகாத ஒருவன் நான். மீண்டும் விண்ணப்பிக்க இருப்பதால், பயன்படக்கூடிய ஒன்றை மட்டும் பகிர்கிறேன்.

செவனிங்குக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்று சொல்வதைக் கேட்டு, நிரந்தர வேலை இல்லாத பலர் படிவத்தைத் திறந்தும் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இரண்டு வருடங்களைக் கழித்தேன். அவர்கள் கேட்பது 2,800 மணித்தியாலங்கள். வாரத்துக்கு 35 மணித்தியாலம், வருடத்துக்கு 40 வாரம் என்ற கணக்கில் இரண்டு வருடம். பகுதிநேர வேலையும் தொண்டர் பணியும் அதில் சேரும். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் சம்பளமில்லாமல் கணக்கெழுதிய நாட்கள் எல்லாம் சங்கத்தின் வரவுப் பதிவேட்டில் இருந்தன. இரண்டு பிற்பகல்கள் தரையில் உட்கார்ந்து, கரையான் அரித்த பக்கங்களைப் பிரித்துப் பிரித்துக் கூட்டியதில், பகுதிநேரமாகக் கற்பித்த மணித்தியாலங்களோடு சேர்த்து 3,100ஐத் தாண்டியது. சங்கத் தலைவர் அந்தக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டபோது, அந்த உழைப்பை முதன்முறையாக ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது.

நேர்முகத் தேர்வில் நான் தடுமாறிய இடத்தையும் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திரும்பி வந்து முதல் ஆறு மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சங்கத்தோடு வேலை செய்வேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். மீனுக்கு விலை பேசும் இடத்தில் இடைத்தரகரின் பிடியைக் குறைப்பதற்கு நாங்கள் வைத்திருந்த திட்டம் முழுவதும் தலைக்குள் இருந்தும், ஒரு வரிகூட வாயில் வரவில்லை. இம்முறை அதை எழுதிவைத்துக்கொண்டு, வீட்டில் தங்கையின் முன்னால் தினமும் சொல்லிப் பழகுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து:

உயர்தரம் முடித்த என் தம்பிக்காக விசாரித்தபோது நடந்ததை எழுதுகிறேன். நகரத்தில் ஒரு முகவர் நிலையம் நடத்திய கருத்தரங்கில் நூறு வீதப் புலமைப்பரிசில் என்று சொல்லி, பதிவுக்கட்டணமாக வாப்பாவிடம் ஒரு தொகையை வாங்கினார்கள். பின்னர் வந்த கடிதத்தைப் படித்தால், அது கற்கைக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக் கழிவு மாத்திரமே; மிச்சத்தையும் வாழ்க்கைச் செலவையும் வங்கியில் காட்ட வேண்டுமாம். வாப்பா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. கொடுத்த காசு திரும்பவும் வரவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களிடம் இப்படிச் செய்வது பெரிய அநியாயம்.

பின்னர்தான் இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு வழங்கும் புலமைப்பரிசில்களைப் பற்றி அறிந்தோம். இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுத் திட்டமும், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி திட்டமும், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் திட்டமும் இருக்கின்றன. மருத்துவம் இவற்றில் சேராது. கற்கைக் கட்டணத்தோடு மாதாந்தக் கொடுப்பனவும் தங்குமிடக் கொடுப்பனவும் கிடைக்கும். அறிவித்தலைக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வெளியிடுகிறது. இடையில் எந்த முகவரும் தேவையில்லை.

தம்பியின் ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கேள்வி: பிறப்புச் சான்றிதழில் 'முகம்மது' என்பது முழுமையாகவும், உயர்தரச் சான்றிதழில் 'எம்' என்ற ஓர் எழுத்தாகவும் இருக்கிறது. இன்னும் கடவுச்சீட்டு எடுக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

நிலாவெளியிலிருந்து:

கடவுச்சீட்டு எடுக்காதது நல்லதாகப் போயிற்று. முதலில் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவரிடம் விட்டுவிடாதீர்கள். தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அதன்படியே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்த 'எம்' எழுத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி போதும். அதில் உயர்தரச் சுட்டெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் முடித்த கடதாசியின் வாசகம் என்னிடம் இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றி, இன்றிரவு தட்டச்சுச் செய்து இங்கேயே போடுகிறேன்.